செகுந்தா அப்ரெனிக்காவின் வசிப்பிடச் சான்றிதழ்

எங்கள் தீவில் முத்திரை ஒன்றுதான் உண்டு. அது என் மேசை இழுப்பறையில், பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. பதினெட்டு வருடமாக ஊராட்சிச் செயலர் நான்தான். மணிலாவுக்கு வேலைக்குப் போகிறவர், வெளிநாட்டுக்குப் போகிறவர், கல்யாணம் செய்கிறவர் என்று எல்லோருக்கும் ‘இவர் இவ்வூரில் வசிக்கிறார், நன்னடத்தை உள்ளவர்’ என்று எழுதி அழுத்திக் கொடுத்திருக்கிறேன். நன்னடத்தை இல்லாதவர்களுக்கும் அழுத்தியிருக்கிறேன். ஒரு ஊர் என்று இருந்துகொண்டு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? ஆனால் பறவைகளுக்கு அழுத்தியது போன வருடம் மார்ச் மாதத்தில்தான். அந்தக் கையை இன்னும் எனக்கு மன்னிக்க வரவில்லை.

பறவை என்றால் கத்தாலா, ஒரு வகைக் கிளி. வெள்ளை உடம்பு, தலையில் கொண்டை, வாலுக்கு அடியில் மட்டும் குங்குமம் சிந்தினாற்போலச் சிவப்பு. நான் பள்ளிக்கூடம் போன நாளில் இவை கத்துகிற கத்தலில் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். போன வருடம் தீவில் மிச்சம் இருந்தது ஒரு ஜோடி. அவை பொந்து வைத்திருந்த மரமும் ஒன்றே ஒன்று.

அந்த மரத்துக்குக் காவல் குயா தூலோ. தெயோதூலோ அப்ரெனிக்கா என்று முழுப்பெயர், குயா என்றால் அண்ணன். இளவயதில் அவர்தான் பொந்துகளில் குஞ்சு எடுத்து மணிலாப் படகுக்காரனுக்கு விற்றவர். கத்தாலா மாதிரியே கத்துவார். பறவைகள் ஏமாந்து தலைக்கு மேல் வந்து நிற்கும். ஒரு வருடம் ஒன்பது மரம் ஏறியும் ஒன்பதும் வெறும் பொந்து. இறங்கி வந்து கயிற்றை யாருக்கோ கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் வாயிலிருந்து அந்தக் கத்தலும் வரவில்லை. பிறகு அருகிவரும் உயிரின மீட்பு நிதியம் அவருக்கு ஒரு சட்டையும் ஒரு விசிலும் கொடுத்து வனக்காவலர் ஆக்கியது. விசில் யாரைப் பார்த்து ஊதுவதற்கு என்று அவர் கேட்டார். அது பயிற்சியின் இரண்டாம் கட்டத்தில் வரும் என்றார்கள். இரண்டாம் கட்டம் இன்னும் வரவில்லை.

டிசம்பர் புயலில் கடல் ஏறிவந்து அந்த மரத்தின் ஒரு பக்கத்து மண்ணை வாரிக்கொண்டு போய்விட்டது. வேர் வெளியே தெரிந்தது. மார்ச்சில் பொந்தில் இரண்டு குஞ்சு. குயா தூலோ என் அலுவலக வாசலில் வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஜூன் மொத வாரம் வரைக்கும் மரம் நிக்கணும் இந்தாய். அப்புறம் விழுந்தா விழட்டும். அதுங்க பறந்துடும்,” என்றார். இந்தாய் என்பது எங்கள் ஊரில் தங்கச்சி என்கிற மாதிரி.

அவர் கேட்டது அறுபது மணல் மூட்டை, நான்கு மரமுட்டு, கொஞ்சம் கம்பிக்கயிறு. ஊரில் சாக்கு இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், மணலும் கண்ணுக்கு எட்டிய தூரம் கிடந்தது. ஆனால் அது பாதுகாக்கப்பட்ட கரை. அங்கே ஒரு வாளி மணல் அள்ளினாலும் நிதியத்தின் அனுமதி வேண்டும். அனுமதி திட்டத்தோடு சேர்ந்துதான் வரும். ஆகவே நான் விண்ணப்பம் எழுதினேன்.

நகரத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. மூன்று மணி நேரப் படகு. நிதியத்தின் மாகாணத் தலைவர் அட்டர்னி லகாஸ்கா, வக்கீலுக்குப் படித்தவர், மிக மரியாதையான மனிதர். முதலில் பிரார்த்தனை, பிறகு தேசிய கீதம், பிறகு உடம்பு சோம்பாமல் இருக்க எல்லோரும் கைதட்டி ஆடும் ஒரு ஆட்டம். குயா தூலோவும் ஆடினார். பிறகு இனிப்பு ஸ்பகெட்டி. சாப்பிட்டு முடித்ததும் நாங்கள் நேரில் வந்ததற்கான வருகைச் சான்றிதழை மரச்சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். மரத்தைப் பற்றிப் பேச நேரமில்லாததால் அடுத்த வாரமும் போனோம். அதற்கும் சான்றிதழ் உண்டு. நாலாவது தடவை குயா தூலோ, சட்டம் வேண்டாம், அந்தக் கட்டைகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஒரு முட்டு ஆகும் என்று மெதுவாகச் சொன்னார். அட்டர்னி வாய்விட்டுச் சிரித்து, அடிமட்ட மக்களிடம்தான் உண்மையான நகைச்சுவை இருக்கிறது என்று கூட்டத்தில் அறிவித்தார்.

அன்றைக்கு மரத்துக்கான முறையும் வந்தது.

“நீங்க மரம்னு பாக்கறீங்க,” என்றார் அட்டர்னி. “நாங்க நிலப்பரப்புன்னு பாக்கறோம். மரம் இன்னைக்கு இருக்கும், நாளைக்கு விழும். நிலப்பரப்பு விழவே விழாது. அதனாலதான் எங்க நிதி பூரா நிலப்பரப்புக்குப் போகுது.”

“குஞ்சு மரத்துல இருக்கு சார்,” என்றார் குயா தூலோ.

அது நல்ல குறிப்பு என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். ஆனால் கோப்பில் ஒரு குறை இருந்தது. நிதியத்தின் உதவி அந்தந்த ஊரில் வசிக்கும் பயனாளிகளுக்கு மட்டும்தான். எங்கள் விண்ணப்பத்தில் பயனாளி என்ற இடத்தில் நான் ‘இரண்டு கத்தாலாக் குஞ்சுகள்’ என்று எழுதியிருந்தேன். பயனாளிகளின் வசிப்பிடச் சான்றிதழ் எங்கே?

மற்ற ஊர் ஆளாக இருந்தால் மேசையைத் தட்டிச் சண்டை போட்டிருப்பான். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. காகிதம் கேட்டால் காகிதம் கொடுப்போம், அதிலேயே வளர்ந்தவர்கள். நான் கையோடு முத்திரை கொண்டுபோயிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். முழுப்பெயர் கேட்டிருந்தது. பறவைக்குக் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? குயா தூலோ தன் பெயரையே போடச் சொன்னார். முதல் குஞ்சு பிரீமோ அப்ரெனிக்கா. இரண்டாவது செகுந்தா அப்ரெனிக்கா. வசிப்பிடம்: வடகரைப் பெரிய மரம், இரண்டாவது பொந்து. நன்னடத்தை: உண்டு. அழுத்தினேன். அட்டர்னி இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இவ்வளவு சுத்தமான கோப்பைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்றார். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஏப்ரலில் திட்டம் தொடங்கியது. தொடங்கியது என்றால் பிளக்ஸ் பேனர் வந்தது. பன்னிரண்டு அடி நீளம். மேயர் முகம் பெரிதாக, அட்டர்னி முகம் அதைவிட ஒரு விரற்கடை சின்னதாக, மூலையில் ஒரு கத்தாலா. அது எங்கள் கத்தாலா இல்லை, வேறு ஏதோ நாட்டுக் கிளி. குயா தூலோ பார்த்ததும் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கலந்தாய்வுக் கூட்டத்துக்கு இன்னொரு பேனர், அதற்கடுத்த வாரம் உறுதிமொழிக்கு ஒன்று. மூட்டை எப்போது என்று கேட்டேன். தேர்தல் வருகிறது, கட்டுமானப் பணிகளுக்குத் தடை இருக்கிறது என்றார்கள். மணல் மூட்டை கட்டுமானம். பேனர் கல்வி. கல்விக்குத் தடை கிடையாது.

இதற்குள் மரம் ஒரு சாண் சாய்ந்துவிட்டது. குயா தூலோ தினமும் அடிமரத்தில் தேங்காய் நார்க்கயிறு கட்டி அளந்து வந்து சொல்வார். சாப்பாடு குறைந்து கன்னம் ஒட்டிப்போயிற்று. ஒருநாள் காலையில் பார்த்தால் மூன்று பேனரையும் காணவில்லை. மனுஷர் அவற்றை மடித்து, வலை தைக்கும் ஊசியால் நீளப் பைகளாகத் தைத்து, உள்ளே தேங்காய் மட்டையும் சிப்பி ஓடும் அடைத்து, வேரைச் சுற்றி வரிசையாக அடுக்கிக் கட்டியிருந்தார். மணலைத் தொடவில்லை. சட்டத்துக்கு அவ்வளவு பயந்த ஆள்.

“அவங்க குடுத்ததுல உருப்படியான சாமான் இது ஒண்ணுதான் இந்தாய்,” என்றார். “தண்ணி பட்டா நனையறதில்ல, உப்புல இத்துப் போறதில்ல.”

உண்மைதான். மூன்று வாரம் மரம் ஒரு விரல்கூட அசையவில்லை. அலை வந்து மேயரின் நெற்றியில் மோதித் திரும்பிப் போகும். அந்த மூன்று வாரம் நான் நன்றாகத் தூங்கினேன். நிதியத்தின் பல வருட உழைப்பில் ஒரு பறவைக்கு உண்மையாக உதவிய காலம் அது ஒன்றுதான்.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் மேயரின் பிரசாரப் படகு வடகரை வழியாகப் போனது. மேயர் தன் முகத்தைத் தானே பார்த்தார். ஒரு கன்னத்தில் பாசி பிடித்திருந்தது. மறுநாளே அட்டர்னி வந்து இறங்கினார், கூடவே ஆறு ஆட்கள். நான் கரையில் நின்று கெஞ்சினேன். வாய்விட்டுக் கெஞ்சினேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. இன்னும் நான்கு வாரம்தான் சார், குஞ்சுக்கு இறகு முளைத்துவிட்டது சார் என்றேன்.

“மேடம், உங்க உணர்வு எனக்குப் புரியுது,” என்றார். “ஆனா விழிப்புணர்வுங்கறது கண் மட்டத்துல இருக்கணும். இத இப்படித் தரையில போட்டா மக்களுக்கு எங்க போய்ச் சேரும்? இந்த மூணு பேனரும் இல்லன்னா, திட்டம் நடந்ததுக்கே எங்ககிட்ட ஆதாரம் இல்ல.”

ஆட்கள் பைகளைப் பிரித்து, மட்டையைக் கொட்டி, கழுவி, மறுபடி கம்பத்தில் கட்டினார்கள். தையல் பிரிந்த ஓட்டைகள் வழியாகக் கடல் தெரிந்தது. பேனர்களை மீட்டதற்கு எனக்கும் ஊராட்சிக்கும் ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

தேர்தல் முடிந்த நாலாம் நாள் காலையில் மழைக்காற்று அடித்தது. பெரிய காற்றுகூட இல்லை. மரம் வேரோடு கடல் பக்கம் படுத்துவிட்டது. பிரீமோவின் உயிர் அங்கேயே போய்விட்டது. தாயும் தகப்பனும் இரண்டு நாள் அந்த வெற்று இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டுப் பெருநிலத்தின் பக்கம் பறந்தன, திரும்பவில்லை. செகுந்தாவைக் குயா தூலோ சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். முருங்கை விதையை நசுக்கி அரிசிக் கஞ்சியில் குழைத்து, நாளைக்கு நாலு தடவை, வாழைத் தண்டில் சீவிய சின்னக் கரண்டியால் ஊட்டினார். வேறு யார் ஊட்டினாலும் அது வாயைத் திறக்கவில்லை. நான் என் கடமைப்படி அன்றே நிதியத்துக்கு எழுதினேன்: பயனாளி செகுந்தா அப்ரெனிக்கா, காவலர் தெயோதூலோ அப்ரெனிக்காவின் வீட்டில் பத்திரமாக உள்ளது.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அட்டர்னி போலீஸ்காரர்களோடும் புகைப்படக்காரரோடும் வந்தார். அருகிவரும் பறவையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். செய்தவர் பழைய குஞ்சுத் திருடர். அது அவர் வீட்டில் இருப்பதற்கு என் கடிதம் சாட்சி. அதன் வசிப்பிடம் அவர் வீடு அல்ல, மரத்தின் இரண்டாவது பொந்து என்பதற்கு என் சான்றிதழ் சாட்சி, என் முத்திரையோடு. குயா தூலோ அட்டர்னியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ பிரார்த்தனை, ஆட்டம், ஸ்பகெட்டி எல்லாம் முடிந்த பிறகு சரியாகிவிடும் என்று நினைத்தவர் போல நின்றார்.

அட்டர்னி அவர் தோளில் கைவைத்து உண்மையான அன்போடுதான் பேசினார்.

“இது உங்களுக்கு எதிரா இல்ல தூலோ. மூணு வருஷமா எங்க அறிக்கையில ஒரு கைது கூட இல்ல. திருடனே இல்லன்னா நாங்க எதுலருந்து காப்பாத்தறோம்னு மேல கேக்கறாங்க. நீங்க எங்களுக்காக எவ்வளவோ பண்ணியிருக்கீங்க. இதையும் பண்ணுங்க.”

நிதி அந்த மாதமே வந்தது. நகரப் போலீஸ் நிலையத்தில் புது பேனர் கட்டினார்கள்: ‘மீட்புத் திட்டத்தின் முதல் வெற்றி.’ புது மேயர், அட்டர்னி, நடுவில் குயா தூலோ. எங்கள் தீவு மனிதர் ஒருவரின் முகம் பேனரில் வந்தது அதுதான் முதல் தடவை. சாலையைப் பார்த்த சுவர் ஒன்றுதான் என்பதால் அங்கே கட்டினார்கள். லாக்கப்பின் ஒரே ஜன்னலும் அந்தச் சுவரில்தான் இருந்தது.

செகுந்தா வழக்கின் சான்றுப் பொருள், சாகவிட முடியாது. குயா தூலோ கையில்தான் சாப்பிடும். ஆகவே சார்ஜென்ட் ஒபியானா இரண்டு பேரையும் ஒரே லாக்கப்பில் வைத்தார். ஊரில் எல்லோரும் சேர்ந்து ஜாமீனுக்கு ஏற்பாடு செய்தோம். குயா தூலோ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தான் வெளியே போனால் அதற்கு யார் ஊட்டுவது என்று கேட்டார்.

ஜூலையில் நான் பார்க்கப் போனபோது குஞ்சு பறக்கிற பறவையாகியிருந்தது. ஆனால் மார்பில் இறகு இல்லை. இருட்டில் உட்கார்ந்து தன் இறகைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தது.

“வானம் பாக்காததால பண்ணுது இந்தாய்,” என்றார் குயா தூலோ. “எனக்கு ஒண்ணும் வேணாம். அந்த பேனர ஒரு முழம் தள்ளிக் கட்டச் சொல்லு.”

அட்டர்னியிடம் போனேன். பேனர் இடமாற்றத்துக்குத் தனிப் படிவம் உண்டு, அறுபது வேலைநாள் ஆகும் என்றார். அறுபது நாளில் அதன் உடம்பில் என்ன மிச்சம் இருக்கும்? நான் வெளியே வந்தேன். சந்தையில் மீன் அறுக்கும் கத்தி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். நட்ட நடுப் பகலில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஜன்னலுக்கு நேராக இருந்த முகத்தை வட்டமாக அறுத்து எடுத்தேன். அது குயா தூலோவின் முகம். பதினெட்டு வருடப் பணியில் நான் அனுமதி கேட்காமல் செய்த ஒரே காரியம் அது. சார்ஜென்ட் ஒபியானா வாசலில் நின்று எதிர்ப்பக்கத்துக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த ஓட்டையில் ஒரு கொண்டை தெரிந்தது. செகுந்தா கம்பிகளுக்கு நடுவே உடம்பை நுழைத்து, அவர் முகம் இருந்த இடத்தின் வழியாக வெளியே வந்து, நிலையத்துக்குப் பின்னாலிருந்த முருங்கை மரத்தில் போய் உட்கார்ந்தது.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று நீதிமன்றச் சேவகர் “செகுந்தா அப்ரெனிக்கா” என்று மூன்று தடவை கூப்பிட்டார். நீதிபதி, சான்றளித்தவர் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டு அது இப்போது எங்கே வசிக்கிறது என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்தச் சமயம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே அது கத்தியது. நீதிபதி ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ‘வசிப்பிடம் அறியப்படவில்லை’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். சான்றுப் பொருள் இல்லாததால் வழக்கு தள்ளுபடியானது. குயா தூலோ படகேறினார். படகுக்கு மேலேயே அதுவும் கூட வந்தது.

இப்போது என் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் முருங்கையில்தான் அது இருக்கிறது. மார்பில் இறகு முளைத்துவிட்டது. ஆனால் சாயங்காலமானால் உச்சிக் கிளைக்குப் போய்க் கூப்பிடும். கூப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருக்கும். மறுபடி கூப்பிடும். எங்கள் தீவில் பதில் சொல்ல யாரும் இல்லை. ஊர் முழுக்கச் சமையலை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்ட நாட்கள் உண்டு. நான் அழுதிருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் கொப்பரைக் கொட்டகைப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. இன்னொரு கத்தாலா என்று ஓடினேன். கொட்டகைக்குப் பின்னால், பறவையின் கண்ணில் படாதபடி குயா தூலோ குந்தியிருந்தார். குஞ்சு திருடிய காலத்துக் கத்தல், இத்தனை வருடம் கழித்து.

“இன்னொண்ணு இருக்குன்னு நெனச்சுக்கட்டும்,” என்றார். “நாளைக்குப் பாத்துக்கலாம்னு தூங்கிடும்.”

அன்றிலிருந்து தினமும் நடக்கிறது. போன மாதம் நிதியத்தின் கணக்கெடுப்புக் குழு வந்தது. மரத்தைப் பார்க்கவில்லை, சாயங்காலம் படகிலேயே உட்கார்ந்து காதால் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். அதுதான் முறையாம்.

இன்று அட்டர்னி லகாஸ்காவின் கடிதம் வந்திருக்கிறது. எங்கள் தீவில் கத்தாலாக்களின் எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டாக, அதாவது இருமடங்காகப் பெருகிவிட்டதாம். இவ்வளவு வேகமான மீட்சி வேறெங்கும் இல்லையாம். வெற்றி விழாவுக்குப் பேனர் தயாராகிறது. இரண்டாவது பயனாளியின் வசிப்பிடச் சான்றிதழை மட்டும் உடனே அனுப்பவேண்டும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குயா தூலோ கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். லாக்கப்பில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. கத்தாலா நாற்பது வருடம் இருக்கும் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். அவருக்கு இப்போது அறுபத்தொன்று.

படிவத்தை எடுத்து எழுதினேன். பெயர்: தெயோதூலோ அப்ரெனிக்கா. இனம்: கத்தாலா. வசிப்பிடம்: கொப்பரைக் கொட்டகையின் பின்புறம். நன்னடத்தை: உண்டு. இன்னும் எத்தனை வருடம் இவ்வூரில் வசிப்பார் என்ற கடைசிக் கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை. பிறகு டப்பாவிலிருந்து முத்திரையை எடுத்து, மையில் இரண்டு தடவை தொட்டு, அழுத்தினேன்.